ஐம்பத்து நாலாவது நிமிடத்துக்குப் பிறகு

குறும்பு குறையாத என் அன்ரன் அத்தானுக்கு,

நீங்கள் போய் இன்றைக்கு இருபத்தாறு நாள். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி உங்கள் மகள் நிரோஷா கேட்டாள். "மாமா, நீங்கள் பேப்பர்காரர். அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதினாத்தான் சரியாயிருக்கும்" என்றாள். நாற்பது வருடம் செய்தி எழுதியவனுக்கு ஒரு பக்கம் பெரிய வேலையில்லை. ஆனால் இது ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. அவள் எதிர்பார்க்கிற கடிதமாகவும் இது இருக்காது.

உங்கள் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். உங்களுக்கு உடுத்தி முடித்தபின், அங்கே வேலை செய்கிறவர் நாடியைக் கட்டுவதற்கு வெள்ளைத் துணி எடுத்தார். தலையைச் சுற்றி இறுக்கினார். வாய் மூடவில்லை. இடப்பக்கத் தாடை விலகியே நின்றது. அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டினார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, "ஐயாவின்ரை தாடை முந்தி உடைஞ்சிருக்கோ?" என்று கேட்டார்.

"ஓம். படியிலை வழுக்கி விழுந்தவர். எனக்கு அப்ப அஞ்சு வயது" என்றாள் நிரோஷா.

நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

படி இல்லை, அத்தான். உங்களுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூன்றாவது குத்தில் உடைந்தது. குத்தியவன் நான். முப்பது வருடமாக உங்கள் பிள்ளைகளுக்கு இது தெரியாது. நீங்கள் சொல்லவில்லை. நான் சொல்லாததற்குக் காரணம் வேறு: வெட்கம்.

உங்களை அறியாதவர்களும் இந்த மலரைப் புரட்டுவார்கள். அவர்களுக்காக உங்களுக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் வீடியோக் கடை வைத்திருந்தீர்கள். வந்தவர்கள் எல்லோரும் இந்தியப் படம் கேட்டார்கள், கொடுத்தீர்கள். உங்களுக்கென்று சேர்த்தது வேறு. அமெரிக்காவில் ஐந்தாறு நாளில் எடுத்து முடித்த, ஒரு மணித்தியாலம்கூட ஓடாத, கறுப்பு வெள்ளைக் கௌபோய் படங்கள். துறைமுகத்துக்கு வந்த கப்பல்காரர்கள் பார்த்து அலுத்த கசெட்டுகளை உங்களிடம் தள்ளிவிட்டுப் போவார்கள். மற்றவர்களுக்கு அது குப்பை.

நடிகர்களின் உண்மையான பெயர்கள் எல்லாம் உங்களுக்குத் தெரியும். என்றாலும் நீங்கள் வைத்த பெயர்தான் வீட்டில் செல்லும். வெள்ளைத் தொப்பி, சாட்டைக்காரர், பாட்டுக்காரன், எல்லாப் படத்திலும் பின்னால் வந்து கழுதையிலிருந்து விழுகிற பொக்கைவாய்த் தாடிக்காரர். வெள்ளைத் தொப்பிக்குச் சண்டையில் எத்தனை குத்து விழுந்தாலும் தொப்பி விழாது. "ஆணி அடிச்சு வைச்சிருக்கிறான்" என்பீர்கள். ஆறு குண்டு போடும் துவக்கில் அவர் சுடச் சுட நீங்கள் சத்தமாக எண்ணுவீர்கள். பதினாலு வரை போனதுண்டு.

செலவு குறைந்த படங்கள். ஒரு படத்துக்கு எடுத்த துரத்தல் இன்னொரு படத்திலும் வரும். அதே வண்டி அதே மலை விளிம்பிலிருந்து ஐந்து படத்தில் விழுந்ததை நீங்கள் எனக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் காட்டினீர்கள். மொட்டைப் பாறை ஒன்று இருக்கிறது. கள்ளர்கள் அதற்குப் பின்னால்தான் எப்போதும் ஒளிவார்கள். "இத்தனை வருஷமா உந்தப் பாறைக்குப் பின்னாலை ஆக்கள் ஒளியினம். பொலிசுக்கு ஒருக்காலும் தெரியேல்லை" என்று சொல்லி நீங்கள் சிரிக்காத நாள் இல்லை.

ஒரு படத்தில் இருபது பேராவது சாவார்கள். குதிரையிலிருந்து விழுவார்கள், கூரையிலிருந்து விழுவார்கள், மேல்மாடிக் கைப்பிடியை உடைத்துக்கொண்டு மேசைமேல் விழுவார்கள். ஒருவருக்கும் இரத்தம் வராது. முதுகில் கதிரையால் அடிப்பார்கள். கதிரை தூளாகும், அடி வாங்கியவன் தலையை உதறிவிட்டு எழும்பி வருவான். எனக்கு அது பிள்ளைத்தனமாகத் தெரிந்தது. என் தம்பி செல்வனுக்கும் உங்களுக்கும் அதுதான் உயிர்.

செல்வன் எனக்கு நாலு வயது இளையவன். எண்பத்து மூன்று வைகாசியில் உங்களுக்கும் ராணி அக்காவுக்கும் கலியாணம் நடந்தபோது அவனுக்கு இருபத்திரண்டு. அக்காவைக் கட்ட முன்னரே நீங்கள் அவனைக் கடையில் சேர்த்துக்கொண்டீர்கள். எங்கள் குடும்பத்தில் வீடியோவில் எடுத்த முதல் கலியாணம் உங்களுடையது. இரண்டு மணித்தியாலக் கசெட். முதல் ஒரு மணித்தியாலமளவு கத்தோலிக்கக் கோயிலும் பூசையும், பிறகு கொட்டாஞ்சேனை மண்டபத்தில் விருந்து.

இரண்டு மாதம் கழித்து ஆடி மாதம் வந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலை உங்களுக்குக் காய்ச்சல். செல்வன் கடைப் பூட்டின் திறப்பை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான். ஞாயிறு இரவே தமிழருக்கு எதிரான கலவரம் நகரத்தின் மறுபக்கத்தில் தொடங்கிவிட்டது. செய்தி எழுதுகிற எனக்கே அதன் அளவு விடியும்வரை தெரியாது. நான் பத்திரிகைக் கந்தோரில் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தேன். அவன் கடையைத் திறந்தான்.

நான் பார்க்கவில்லை. எதிர்க்கடைச் சிங்களத் தையல்காரர் பார்த்தார். தன் கடைக் கதவை இறக்கிவிட்டு, அடியில் இருந்த நீக்கலால் பார்த்திருக்கிறார். ஒரு மாதத்துக்குப் பிறகு நான் கேட்டபோது நின்றபடியே ஒழுங்காகச் சொன்னார். ஏழெட்டுப் பேர் உள்ளே போனார்கள். முதலில் தொலைக்காட்சிப் பெட்டி வெளியே வந்து விழுந்தது. பிறகு கசெட்டுகள். பிறகு செல்வனைச் சட்டையில் பிடித்து இழுத்து வந்தார்கள். ஒருவனிடம் சைக்கிள் செயின் இருந்தது. இன்னொருவன் கடையில் இருந்த கதிரையைத் தூக்கினான், செல்வன் எப்போதும் இருக்கும் அதே கதிரை. செல்வன் இடது கையைத் தலைக்குமேல் பிடித்தான். நான்கு தடவை அடித்தார்கள். கதிரை உடையவில்லை என்று அவர் இரண்டுமுறை சொன்னார். பலா மரக் கதிரை. அதன் பிறகு நெருப்பு வைத்தார்கள்.

நாலு மணிக்கு, ஊரடங்குக்குள், பத்திரிகை அட்டையைக் காட்டிப் பொலிஸ் ஜீப் ஒன்றில் நான் போய்ச் சேர்ந்தேன். ஒழுங்கை வாசலில் கிடந்தான். இடது கை விரல்கள் மூன்று பின்பக்கமாக மடிந்திருந்தன. தலையின் பின்பக்கம் தட்டையாயிருந்தது. இரத்தம் வடிகால்வரை ஓடிக் காய்ந்திருந்தது. சட்டைப் பையில் கடைத் திறப்பு. கடை இன்னும் புகைந்துகொண்டிருந்தது. உருகிய கசெட் மணம் என் மூக்கில் எத்தனையோ நாள் நின்றது. நான் கந்தோருக்குத் திரும்பி நாலு வரி எழுதினேன். அது அச்சாகவில்லை.

"நான் போயிருக்கவேண்டியது" என்று நீங்கள் அன்றைக்குச் சொன்னீர்கள். பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. உங்களுக்கு அந்தக் காய்ச்சல் எப்போதாவது விட்டதா, அத்தான்?

இரண்டு வருடம் கழித்து அதே ஒழுங்கையில் கடையைத் திரும்பத் திறந்தீர்கள். செல்வனின் படம் என்று எங்களிடம் மிஞ்சியது அடையாள அட்டைப் படம் ஒன்றும், அந்தக் கலியாணக் கசெட்டும். உறவினர் மாறி மாறி இரவல் வாங்கிப் பார்த்ததால் அது அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் கிடந்து தப்பியது. ஒவ்வொரு ஆடியிலும் நீங்கள், அக்கா, நான் மூவரும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். கசெட்டின் மூலையில் நீலப் பெயின்ற் ஒரு சொட்டு ஒட்டியிருக்கும். அதை வைத்து எந்தக் குவியலிலும் அடையாளம் காண்பேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் வெள்ளவத்தையில் புலிகளைத் தேடிப் பொலிஸ் வராத வாரம் இல்லை. அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, அலுமாரி, கட்டிலுக்குக் கீழ், எல்லாம் பார்ப்பார்கள். வீடியோ டெக் இருக்கிற வீடுகளில் கசெட்டைத் தள்ளி முதல் சில நிமிடம் ஓட்டிப் பார்ப்பார்கள். கலியாண வீடியோ என்றால் வில்லங்கம். படத்தை நிறுத்திவைத்து ஓர் இளைஞனைக் காட்டி, இவன் யார், இப்போது எங்கே என்று கேட்பார்கள். கனடாவில் என்றால் நம்பமாட்டார்கள். செத்துவிட்டான் என்றால் எங்கே, எப்படி, யாரோடு இருந்து என்பார்கள். உங்கள் பக்கத்துக் கட்டடத்தில் அப்படி ஒரு கசெட்டையும் கொண்டுபோனார்கள், அந்த வீட்டு இரண்டு பேரையும் கொண்டுபோனார்கள். ஒருவர் திரும்பி வந்தபோது பாதத்தில் தோல் இல்லை. அதைச் செய்தியாக எழுதியவனே நான்தான். அந்த வாரத்துக்குப் பிறகு வெள்ளவத்தையில் பாதி வீடுகளில் கசெட்டுகளின் ஒட்டுத்தாள் மாறியது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் எனக்கு மூளை ஓடவில்லை.

அந்த ஆடியில், நினைவு நாளன்று, மத்தியானம் நான் கடைக்கு வந்தேன். உள்ளே நாலைந்து பேர் நின்றார்கள். அதில் இரண்டு பேரை நான் முன்பின் கண்டதில்லை. ஒன்றையும் எடுக்காமல் நெடுநேரமாக நின்றார்கள். "அத்தான், செல்வன்ரை கசெட்டைத் தாங்கோ" என்றேன். நீங்கள் அந்த இருவரையும் ஒருதடவை பார்த்தீர்கள். கௌபோய் படங்கள் இருந்த தட்டிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினீர்கள். "வீட்டை கொண்டுபோய்ப் போட்டுப் பார்" என்றீர்கள்.

கசெட்டில் கௌபோய் படத்தின் பெயர். மூலையில் நீலச் சொட்டு.

நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அங்கேயே கடை டெக்கில் தள்ளினேன். கோயில் வாசலில் அக்கா காரிலிருந்து இறங்கவேண்டிய இடத்தில் மொட்டைப் பாறை வந்தது. குதிரை வந்தது. வெள்ளைத் தொப்பி வந்து சுடத் தொடங்கினார்.

"அத்தான், இதுக்கு மேலையோ படத்தைப் பதிஞ்சனீங்கள்?"

"டேய் ராஜன், பொறு. படம் முடியட்டும்."

நீங்கள் சொன்ன சொல் அவ்வளவுதான். உங்கள் கண் அந்த இருவர் பக்கம் போனதை நான் பார்த்தேன். எதற்குப் போனது என்று யோசிக்கவில்லை. என் தம்பியை அழித்துவிட்டு இந்த மனிதர் என்னைப் படம் பார்க்கச் சொல்கிறார் என்றுதான் என் காதில் விழுந்தது.

முதல் குத்து உங்கள் வாயில். கீழ்ப்பல் ஒன்று என் விரல் மொழியைக் கிழித்தது, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இரண்டாவது கன்னத்தில். நீங்கள் கைகளைத் தூக்கவில்லை. தட்டோடு சாய்ந்து கசெட்டுகளோடு நிலத்தில் விழுந்தீர்கள். விழுந்தவரைக் கொலரில் பிடித்துத் தூக்கி மூன்றாவதைக் குத்தினேன். எலும்பு முறிகிற சத்தத்தைக் கேட்டேன். படங்களில் வருகிற சத்தம் அதுவல்ல. காய்ந்த தடி முறிகிற சத்தமும் அல்ல. ஈரமான சத்தம். உங்கள் வாயிலிருந்து வந்த இரத்தம் என் சட்டையில், நிலத்தில், சிதறிக் கிடந்த கசெட் உறைகளில். பின்னால் வெள்ளைத் தொப்பி சுட்டுக்கொண்டே இருந்தார். யாரும் எண்ணவில்லை.

டெக்கிலிருந்து கசெட்டைப் பிடுங்கிக்கொண்டு நான் போய்விட்டேன். அந்த இருவரும் என்னைத் தடுக்கவில்லை. அவர்கள் பொலிஸ் ஆட்களா, யார் என்று இன்றைக்கும் தெரியாது. வெறும் வாடிக்கையாளராகவும் இருந்திருக்கலாம்.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். ஆறு கிழமைக்கு வாய் திறக்க முடியாது என்றார்கள். அடித்தது என்று சொன்னால் பொலிசுக்குப் போகும், ஆகவே படியில் விழுந்தார் என்று அக்கா டொக்டரிடம் சொல்லிவிட்டார். அந்தப் பொய் அங்கேதான் பிறந்தது. என்னைக் கண்டதும் நீங்கள் கையால் எழுதுவதுபோல் காட்டினீர்கள், பேப்பர் வேண்டும் என்று. தாதி ஒரு துண்டும் பேனையும் தந்தார். நீங்கள் பேனையை ஊன்றினீர்கள். அக்கா இரண்டையும் பறித்தார்.

"ஒண்டும் எழுதவேண்டாம். ஒண்டும் கதைக்கவும் வேண்டாம். ஒரு தம்பியைக் குடுத்திட்டன். இனி ஒரு கசெட்டுக்காக உங்கள் ரெண்டு பேரிலை ஒருத்தரையும் குடுக்கமாட்டன். கையை வையுங்கோ."

கழுத்திலிருந்த அந்தோனியார் பதக்கத்தைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார். அந்தக் கசெட்டைப் பற்றிச் சாகும்வரை பேசவும் மாட்டோம், எழுதவும் மாட்டோம் என்று சத்தியம் கேட்டார். கொட்டாஞ்சேனையில் பிறந்து, அந்தப் புனிதரின் பெயரையே வைத்திருக்கிற உங்களிடம் அதைவிடப் பெரிய பூட்டு இல்லை. நான் முதலில் கை வைத்தேன். நீங்கள் என்னை வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு என் கையின்மேல் உங்கள் கையை வைத்தீர்கள்.

கசெட்டை என் இரும்புப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். அதன்பின் திறக்கவில்லை.

ஆனால் உறவு முறியவில்லை. உங்களைப் போல் ஒருவர் அமைந்தால்தான் அப்படி நடக்கும். கம்பி கழற்றிய முதல் ஞாயிறே, "வா, சாட்டைக்காரர் வந்திருக்கிறார்" என்று ஆள் அனுப்பினீர்கள். முப்பது வருடம், ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, உங்கள் வெள்ளவத்தை வீட்டு முன்னறையில் நானும் நீங்களும். நீங்கள் எதையாவது மெல்லும்போது தாடை ‘டக்’ என்று சொல்லும். நான் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்போது அந்த ஞாயிறுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறேன். வெள்ளைத் தொப்பி குதிரையேறிப் போனதும் நான் எழும்புவேன்.

"எங்கை ஓடுறாய்? கசெட் ரேப் இன்னும் ஓடுதல்லோ."

"இனித் திரையிலை வெறும் புள்ளிதானே, அத்தான்."

"புள்ளிக்குப் பிறகு என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்? பேப்பர்காரன் எண்டு சொல்லுறாய், ஒண்டையும் கடைசி மட்டும் பாக்கமாட்டாய்."

"உங்களுக்கு விசர். அக்கா, நான் வெளிக்கிடுறன்."

எத்தனை ஞாயிறு! அலுமாரியில் உங்கள் பட்டியல் கொப்பி இருந்தது, என் முழங்கை படும் தூரத்தில். "கொப்பியை ஒருக்கால் புரட்டிப் பாரன்ரா, நல்ல நல்ல படமெல்லாம் கிடக்கு" என்பீர்கள். நான் புரட்டவில்லை. பிறகு டிவிடி வந்தது. நிரோஷா உங்களுக்கு ஒரு பெட்டி நிறைய வாங்கித் தந்தாள், துடைத்துத் துப்புரவாக்கிய அதே படங்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லை. "டிவிடித் தட்டிலை ஒண்டுமில்லை, மச்சான். படம் முடிஞ்சா முடிஞ்சதுதான்" என்றீர்கள். கிழவருக்குப் பழசுதான் பிடிக்கும் என்று நான் நினைத்தேன்.

முப்பத்தோராம் நாளில் உங்கள் கௌபோய் படம் ஒன்றை எல்லோருக்கும் போட்டுக் காட்டவேண்டும் என்று நிரோஷா ஆசைப்பட்டாள். உங்கள் கசெட்டுகளை எடுத்துப் பார்த்தோம். கடற்காற்றில் அத்தனையும் பூஞ்சணம். அப்போதுதான் என் இரும்புப் பெட்டி நினைவுக்கு வந்தது. உங்களுக்குப் பிடித்த மொட்டைப் பாறை அதில் பழுதாகாமல் இருக்கும். செல்வன் அதில் இல்லை, உங்கள் படமாவது இருக்கட்டும் என்று எடுத்தேன். உண்மையாக வேறொன்றும் நினைக்கவில்லை.

காலி வீதியில் கசெட்டைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கும் கடை ஒன்று இருக்கிறது. நடத்துபவர் ரிஸ்வி. கசெட்டைப் போட்டுவிட்டு அவர் வேறு வேலை பார்ப்பார். ரேப் தானாக நின்றால்தான் திரும்பிப் பார்ப்பார், அதுதான் அவருடைய வழக்கம். போன செவ்வாய் பின்னேரம் அழைத்தார்.

"சேர், ஒங்கட கௌபோய் படத்துக்குப் பொறகு ஒரு கலியாணம் ஈக்கிது. அதையும் ஏத்தவா, வெட்டிப் போடவா?"

"என்ன கலியாணம்?"

"தெரியா சேர். மாப்பிள்ளைய ஒத்தர் சுடுறார்."

நான் பஸ்ஸுக்கு நிற்கவில்லை. நடந்தே போனேன்.

ஒரு செய்திக்கு இரண்டு இடத்தில் உறுதி வேண்டும் என்று பழகியவன் நான். ரிஸ்வியின் கடையில் கண்ணால் பார்த்தபின், நேரே நிரோஷாவிடம் போய் உங்கள் கொப்பியை வாங்கினேன். கசெட்டின் முதுகில் 214 என்று இருக்கிறது. கொப்பியில் மற்றப் படங்களுக்கெல்லாம் ‘56 நிமிடம், 11 வெடி’, ‘58 நிமிடம், 9 வெடி, தாடி இருமுறை விழுவார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். 214க்கு நேரே உங்கள் சரிந்த எழுத்து:

‘மொட்டைப் பாறை. 54 நிமிடம். பிறகு செல்வன். தொடக்கூடாது.’

பூசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாறையைப் போட்டிருக்கிறீர்கள். எந்தப் பொலிஸ்காரன் டெக்கில் தள்ளினாலும் குதிரைதான் ஓடும். ஐம்பத்து நாலு நிமிடம் எவனும் பொறுக்கமாட்டான் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் கள்ளர்கள் ஒளிகிற அதே பாறைக்குப் பின்னால் செல்வனை ஒளித்து வைத்தீர்கள். நானும் பொறுக்கவில்லை.

ஏன் முப்பது வருடம் சொல்லவில்லை? சத்தியத்துக்காகவா? கொடுத்த வாக்கை மீறாத வெள்ளைத் தொப்பியை நான் கேலி செய்யும்போது நீங்கள் சிரிக்கமாட்டீர்கள், அது நினைவிருக்கிறது. அல்லது கோபமா? நானாகத் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டீர்களா? இதற்கு விடை எழுதக்கூடிய ஒரே ஆளின் கையிலிருந்து பேனையைப் பறித்தோம்.

புதன்கிழமை அக்காவிடம் போனேன். சத்தியத்தை மீறிவிட்டேன் என்று முதலில் சொன்னேன். பிறகு எல்லாவற்றையும். கொப்பியைக் காட்டினேன். அக்கா கண்ணாடியை மாட்டி அந்த ஒரு வரியை வாசித்தார்.

"அண்டைக்குப் பேப்பர் கேட்டவர்" என்றார். "நான்தான் பறிச்சனான்."

"நான்தான் அடிச்சனான், அக்கா."

"ஓம். நீதான் அடிச்சனி." கண்ணாடியைக் கழற்றவில்லை. "போடு, பாப்பம்."

அக்காவுக்கு முழுப் படத்தையும் போட்டேன். முதல்முறையாக ஒரு கௌபோய் படத்தை அவர் கடைசிவரை பார்த்தார். குதிரை போனது. புள்ளி வந்தது. பிறகு மண்டபம், வாத்தியக் கோஷ்டி, மாலையோடு நீங்கள். வாத்தியக்காரர் ஒருவரின் தொப்பியைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டு செல்வன் உள்ளே வருகிறான். இரண்டு விரலை நீட்டி உங்களைச் சுடுகிறான். நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, புதுக் கோட்டோடு, கேக் மேசைக்கு முன்னால் விழுகிறீர்கள். சனம் கைதட்டுகிறது.

"விழத் தெரியாத மனுசன்" என்றார் அக்கா.

நீங்கள் கிடந்தபடி திருப்பிச் சுடுகிறீர்கள். செல்வன் மடக்குக் கதிரை ஒன்றைத் தலைக்குமேல் ஓங்குகிறான். அடிக்கவில்லை. அதை விரித்து வைத்து, உங்களைத் தூக்கி அதில் இருத்துகிறான். அப்போதுதான் தனக்கு வெடி பட்டது நினைவுக்கு வந்தவன்போல ஒரு சுற்றுச் சுற்றி நிலத்தில் விழுகிறான். தொப்பி உருண்டு போகிறது. முகம் கீழே, இடது கை தலைக்குமேல். அசையவில்லை. நகைச்சுவைக்காக நெடுநேரம் அப்படியே கிடக்கிறான். ஒழுங்கை வாசலில் நான் பார்த்த கிடை அது. வாத்தியம்கூட நின்றுவிட்டது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார், நகம் இறங்கியது.

பிறகு அவன் ஒரு கண்ணைத் திறந்தான். முழங்கையை ஊன்றினான்.

"எழும்பிட்டான்" என்றார் அக்கா.

அத்தான், இந்தக் கடிதத்தை நிரோஷா அச்சுக்கு முன் வாசிப்பாள். தாளில் வாசித்து அவள் அறியக்கூடாது. நாளைக் காலை நானே போய், உட்காராமல், நின்றபடி சொல்வேன்: படி இல்லை பிள்ளை, என்ரை கை. அவள் என்னை வீட்டைவிட்டுப் போகச் சொன்னால் போவேன். மலரில் இதைப் போடவேண்டாம் என்றால் கேட்கமாட்டேன், அதற்கும் சேர்த்து ஏசட்டும்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எல்லோரும் வந்திருக்கும்போது 214ஐப் போடுவோம். பாறையிலிருந்தே தொடங்கும். வெடிகளை நான் எண்ணுகிறேன், நீங்கள் எண்ணியதுபோல் சத்தமாக. குதிரை போனபின் ஒருவரும் எழும்பக்கூடாது என்று முதலே சொல்லிவைப்பேன். இனி ரேப் தானாக நிற்கும்வரை நான் எழும்பமாட்டேன், அத்தான். இது நான் வைக்கும் சத்தியம், இதற்கு யாரும் பதக்கம் கழற்றத் தேவையில்லை.

உங்கள் தாடையை உடைத்த கையால் எழுதும்,
உங்கள் மச்சான்
ராஜன்